முன் அனுமதி

சித்ரா பஸ் ஸ்டாப் எதிர்த்த பேக்கரியில்
தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே
சுற்றறிக்கையை மூன்றாம் முறை படித்தோம்.
ஒன்றாம் தேதி முதல்
பெற்றோர் குடும்பத்தில் சேர்த்தியில்லை.
முதுகுவலி, காதடைப்பு
பணியால் வந்தவை அல்ல.
மற்றதுக்கெல்லாம் முன் அனுமதி.

சௌடேஸ்வரிதான் மனுவில் முதல் கையெழுத்து.
(பெயர்ப்பட்டையில் ஈஸ்வரி. அவ்வளவுதான் இடமாம்.)
அவள் அப்பாவுக்கு
வாரம் மூன்று நாள் அவினாசி ரோட்டில் டயாலிசிஸ்.
இறங்குகிற ஒவ்வொரு முறையும்
ஜன்னலோரம் சாய்ந்து
அந்த மாடி விளக்கைத் தேடுவாள்.

அன்றைக்கு மும்பையிலிருந்து திரும்புகிறோம்.
நான்கு சி-யில்,
சுற்றறிக்கைக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்.
கணவாய்க் காற்றில் விமானம் குலுங்க
நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
தலைவலி மாத்திரை இருக்குமா?

"இருக்குதுங்க.
மேல கேட்டுப்போட்டுத் தர்றனுங்க."

அந்த 'ங்க' ஒன்று போதும்,
எங்கள் ஊரில் ஆளை அறுக்க.

கேலியில் திரைக்குப் பின்னால்
கைகட்டி நின்றாள்.
ஒரு நிமிடம். என் கடிகாரத்தில் பார்த்தேன்.
பிறகு கொண்டுபோய்க் கொடுத்தாள்,
தண்ணீரோடு, சிரிப்போடு.

பதிவேட்டில் எழுத வேண்டுமே:
மாத்திரை ஒன்று, இருக்கை நான்கு சி.
காரணம் என்ற கட்டத்தில்
குண்டு குண்டாக எழுதினாள்,
'பணியால் வந்ததல்ல.'