வருகைப் பதிவேடு

காவலாளிகளைத் தேர்ந்தெடுத்துத் தருவது என் பிழைப்பு.
சாட்ஸ்வொர்த்தில், டயர்க்கடை மாடியில் வகுப்பு.
இரண்டே பரீட்சை.
கம்பிக்கு வெளியே நீட்டும் அடையாள அட்டையை
டார்ச் வெளிச்சத்தில் படிக்கத் தெரிகிறதா?
வீட்டுக்காரர் சாவியைத் தொலைத்துக் குடித்துவிட்டு
நள்ளிரவில் சுவரேறி வந்தால்
சுடாமல் இருக்குமா கை?
இரண்டாவதில்தான் கவிழ்வார்கள்.
பஸ் கட்டணம் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

மார்ச்சில் என் இடது இமை இறங்கியது.
காலையில் சரியாக இருக்கும். நாலு மணிக்குக்
கடை ஷட்டர்போலச் சரியும்.
பிறகு சிரிப்பு போனது. சிரித்தால்
உறுமுவதுபோல் இருக்கிறதென்றாள் மகள்.
பீன்ஸ் பன்னி சௌவைப் பாதி மெல்லும்போதே
தாடை வேலைநிறுத்தம்.

டாக்டர் நோக்வாசி படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்தின் மேல்
கசங்கிய கைக்குட்டைபோல் ஒன்று: தைமஸ்.
"இதுவும் உங்கள் தொழில்தான் செய்கிறது."
மஜ்ஜையிலிருந்து வரும் பொடிப்பயல்களுக்கு
அடையாள அட்டை படிக்க ஒரு பரீட்சை,
உடம்பைத் துணுக்குத் துணுக்காய்க் காட்டி
அடிக்கிறாயா என்று மறு பரீட்சை.
நூற்றில் இரண்டோ மூன்றோ தேறும்.
மற்றவை?
அங்கேயே சாகும். பஸ் கட்டணம் கிடையாது.

மீசை முளைத்ததும் சுருங்கத் தொடங்கி
ஐம்பதில் கொழுப்பாகிப் போகவேண்டிய பள்ளிக்கூடம்
எனக்குள் இன்னும் மணியடித்துக்கொண்டிருந்தது,
தேறக்கூடாதவர்களைத் தேற்றி.
நரம்பு தசையிடம் சொல்ல வரும் சொல்லை
அவர்கள் வாசலிலேயே மறிக்கிறார்களாம்.
என் இமை என்ன திருட்டுப் பொருளா
என்று கேட்கப் பார்த்தேன். நாக்கு குழறியது.

அன்றிரவு மழை.
குடியிருப்பு வாயிலில் டார்ச் என் முகத்தில்.
சிபமாண்ட்லா, நான் தேர்ச்சி போட்ட பையன்.
"யார் நீங்கள்?"
தொங்கிய இமை, கோணிய வாய், பேச்சில்லை.
அவன் கை இடுப்புக்குப் போனது.
போய், நின்றது. அது நின்றதைப் பார்த்தேன்.
கம்பியிடுக்கில் பதிவேட்டை நீட்டினான்.
பெயர்: கன்னியப்பன் படையாச்சி.
நேரம்: ஒன்பது நாற்பது.
யாரைப் பார்க்க?
அதிலும் என் பெயரையே எழுதினேன்.

ஆகஸ்டில் அறுத்தெடுத்தார்கள்.
டாக்டர் போனில் காட்டினார்: மஞ்சளாய்,
கோழிக் கொழுப்புபோல. இவ்வளவுதான்.
பள்ளியை மூடியாயிற்று. பழைய மாணவர்கள்
இன்னும் ரத்தத்தில் ரோந்து போகிறார்கள்,
அடங்க வருடம் இரண்டாகலாம்.

நாலு மணிக்கு இமையை
விரலால் தூக்கிப் பிடித்தபடி பாடம் எடுக்கிறேன்.
வினாத்தாளில் ஒன்று சேர்த்திருக்கிறேன்:
முகம் மாறிப்போன வீட்டுக்காரரை
எதை வைத்து அறிவாய்?
பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.
விடை தெரியாமல்
நான்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.