நாற்பதாவது பிரேம்

பரந்தன் சந்தியில், சைக்கிள் கடைக்கு மேலே
மூன்று மேசை, ஒரு மின்விசிறி.
விசிறியைப் போட்டால் யூபிஎஸ் கத்தும்.
வேர்வையோடு எழுதுகிறேன்:

பிரேம்கள்: நாற்பது.
பொறுதி: மூன்று.
விலகும் புள்ளிகள்: கூடினால் நூற்றிருபது.

நின்றுபோன ஒரு பிளேயரைப் போல
நடிக்கப் பழகுகிற மென்பொருள் இது.
அது விட்ட பிழைகளையும்
அப்படியே விட வேண்டும்.
அதன் வட்டத்துக்குக் கீழ்விளிம்பில் ஒரு புள்ளி சப்பை.
எங்கள் வட்டம் வடிவாய் வந்தால்
சிவப்பு.

பொறுதியை மூன்றிலிருந்து பத்தாக்கினால்
எல்லாம் பச்சையாகும், வீட்டுக்குப் போகலாம்.
கீழே செல்வகுணம் அண்ணை
சில்லைச் சுற்றிவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார்.
ஒரு நூல் நெளிவு விடுவார்.
இரண்டு நூலுக்குக் கம்பியைக் கழற்றுவார்.
நான் மூன்றிலேயே விட்டேன்.

கோப்பு: ஏழாம் வாய்ப்பாடு.
இரண்டாயிரத்து நாலில் கிளிநொச்சியில் யாரோ
பிள்ளைகளுக்கென்று செய்து
இறுவட்டில் எழுதியது. பெயர் போடவில்லை.
பட்டன் எல்லாம் நாவற்பழ நிறம்.
விடை சரியென்றால் மயில் தோகை விரிக்கும்.
பிழையென்றால் அதே மயில்
திரும்பி நின்று பின்பக்கத்தைக் காட்டும்.
(செய்தவருக்குப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கிறது.)

எழுத்து பாமினி.
உள்ளே போய்ப் பார்த்தால் jkpo;
திரையில் பார்த்தால் தமிழ்.
பதிவை ஒப்பிட ஒரு வரி,
படத்தை ஒப்பிட இன்னொன்று.
இரண்டும் ஒரே சொல்தான் என்று
மெஷினுக்கு யார் சொல்வது.

ஒப்பிட மூலப்படம் வேண்டும்.
அதற்குப் பழைய பிளேயர் ஓடுகிற பழைய கணினி வேண்டும்.
வவுனியாவில் ஒரு கலியாண வீடியோக் கடையில்
ஒன்று கிடந்தது.
ஜெனோசன் பஸ்ஸில் போய்
மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.
ஒருதரம் ஓடியது.
முப்பத்தொன்பது பிரேம் பிடித்தோம்.
கரண்ட் போனது.
பிறகு அது எழும்பவேயில்லை.

தோகையின் நீலமும் எங்களுக்கு ஒத்துவரவில்லை.
"தெரிந்த பிழை: ஆம்" என்று எழுதி
மூன்று மாதம் விட்டுவைத்தேன்.
பிழைக்கும் என்று சொல்லி, சொன்னபடி பிழைத்து,
ஒவ்வோர் இரவும் அமைதியாய் இருந்தது.
ஒரு வியாழன் விடிய
எங்கோ ஒருவர் நிறச்சாய்வுக் கணக்கில்
ஒரு கழித்தலைக் கூட்டலாக்க
இது சிவப்பாய்க் கத்தியது:
பிழைக்க வேண்டியது சரியாய் ஓடிவிட்டதாம்.
அந்த வரியை அழித்தபோது
ஏனோ கை கொஞ்சம் தயங்கியது.

நாற்பதாவதுக்கு இன்னும் படமில்லை.
"ஊகித்து ஒன்றை வைப்பமே" என்றான் ஜெனோசன்,
"ஆர் பார்க்கப் போகினம்?"

ஒன்பது வயதுவரை எனக்கும் ஒரு படமில்லை.
ஸ்டூடியோக்காரன் ஒருமுறை
ஆரோ ஒரு குழந்தையைக் காட்டி
"இதை மாட்டுங்கோவன், எல்லாக் குழந்தையும் ஒண்டுதானே" என்றான்.
அம்மா காசைத் திருப்பி வாங்கினா.
அடித்த ஆணி சுவரில் நிற்கிறது,
குடைக்கு உதவுகிறது.

பிரேம்கள்: முப்பத்தொன்பது
என்று திருத்தினேன். பச்சை.

ஜெனோசன் போனபிறகு
கையாலே ஓடவிட்டுப் பார்த்தேன்.
நாற்பதில் மயில் தோகையை மடக்கியது.
செய்தவர் மடக்கச் சொன்னாரோ,
நாங்கள் மடக்கினோமோ.