பயனாளி

ராத்திரி பதினொன்றரைக்கு மரியநேசன் ஃபோன்.
டெக்சாஸில் சாப்பாட்டு நேரம், மென்றுகொண்டே பேசினான்.
"அக்கா, பத்திரம் எழுதறவ நீதானே.
தனி ஆள் பேர்ல வாங்கறதா, டிரஸ்ட் பேர்லயா?"

மனையா என்றேன்.
சைலன்சராம்.
எதிர்வீட்டு கிளிண்டன் புல்லட்டிலிருந்து கழற்றி எறிந்துவிட்டு
சிமெண்ட்ரி ரோட்டையே எழுப்புகிறானே, அதுவா என்றேன்.
சிரித்தான். துப்பாக்கிக்கு என்றான்.

ஒரு சாண் குழாய்.
அதற்கொரு எண், விண்ணப்பம், பத்து விரல் ரேகை,
பாஸ்போர்ட் ஃபோட்டோ, முத்திரை, அப்புறம் காத்திருப்பு.
தனிப் பேரில் வாங்கினால் வேலை சுருக்கம்.
ஆனால் அவன் ஊரில் இல்லாத நாளில்
அந்தப் பெட்டிச் சாவி பெஞ்சாதி கையில் இருந்தாலே வம்பு.
டிரஸ்ட் என்றால் நாலு பேர், நாலு ரேகை.
நாலு பேரும் தொடலாம்.
அவன் கண்ணை மூடினாலும் பொருள் அனாதையாகாது.
"பயனாளின்னு ஒரு காலம் இருக்குக்கா.
உன் பேர் போடட்டுமா?"

இருபத்தாறு வருஷமாகச்
சார்பதிவாளர் ஆபீஸ் எதிரில்
ஜெராக்ஸ் கடைப் பந்தலில் உட்கார்ந்து தட்டச்சு அடிக்கிறேன்.
கூட்டுப் பேரில் இருந்த வீட்டுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி
கக்கூஸைப் பிரிக்க முடியாமல் கோர்ட்டுக்குப் போனவர்களைத் தெரியும்.
காசிமேட்டில் ஒரு விசைப்படகு, ஏழு பங்கு;
மூழ்கிய மறுவாரம் இடுப்பில் பிள்ளையோடு
எட்டாவது பங்குக்காரி வந்து நின்றாள்.
தனிப் பேர்க்காரர்கள் செத்தால்
வாரிசு சான்றிதழுக்கு தாலுகா ஆபீஸ் படி தேயும்.
டிரஸ்டை நாங்கள் அறக்கட்டளை என்று அடிப்போம்.
அறம் வரும், கட்டளை வரும்.
நம்பிக்கை என்கிற சொல்லை
ஒரு பத்திரத்திலும் நான் அடித்ததில்லை.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.
"சத்தமில்லாம யாரைடா சுடப் போறே?" என்றேன்.

"சினிமால காட்டற மாதிரி இல்லக்கா.
சத்தம் வரும். நல்லாவே வரும்.
காது போகாத அளவுக்குக் குறையும், அவ்ளோதான்.
காதுக்குத்தான் வாங்கறேன்."

காதுக்கு.

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஒன்று
ஜன்னல் கம்பியை நடுக்கிவிட்டுப் போனது.
ரெண்டு பேரும் பேசவில்லை.

அப்பா வேகன் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் ரிவெட் அடித்தார்.
மளிகைச் சீட்டில் துவரம்பருப்புக்குக் கீழே
பஞ்சு என்று எழுதுவாள் அம்மா, மாசாமாசம்.
பஞ்சு போதவில்லை.
வலது காது முதலில், தீபாவளிக்கு முன்னால் இடதும்.
ஸ்டான்லியில், கடைசி ராத்திரி,
அம்மா அவர் சட்டையைப் பிடித்திழுத்து
என்னமோ சொன்னாள்.
ஆங்? என்றார்.
இன்னொரு தரம் சொன்னாள், இன்னும் மெதுவாக.
ஆங்?
நான் மருந்துச்சீட்டோடு கீழே வரிசையில் நின்றேன்.
கட்டில் பக்கத்தில் இவன்தான், பன்னிரண்டு வயசு.
"என்னடா சொன்னா?" என்று கத்தினாராம் அப்பா.
"தண்ணி கேட்டாங்க" என்று இவனும் கத்தினானாம்.

கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது.
மூடி திறக்காமல்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அந்த ஒரு வாக்கியம் முப்பத்திநாலு வருஷமாக
அவன் தனிப் பேரில் இருக்கிறது.
அப்பா போயாச்சு.
இவனுக்கும் போன மாசம் நெஞ்சில் ஸ்டென்ட்.

"டிரஸ்ட்லயே போடு" என்றேன்.
"என் பேரையும் சேர்த்துக்கோ.
ஆனா நேசா,
அன்னைக்கு அம்மா என்னடா சொன்னா?"

கீழே கிளிண்டன் வண்டியை உதைத்தான்.
கல்மண்டபம் தாண்டும் வரைக்கும்
தெரு முழுக்க அவனுடையதாக இருந்தது.
அது அடங்கிய பிறகும்
லைன் கட்டாகவில்லை, மூச்சு கேட்டது.

"ஆங்?" என்றான்,
அப்பா குரலில்.