திங்கட்கிழமை ராஜசபை

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை.
அரண்மனை எங்கள் ஊர்ப்பக்கம்,
சாவி அடுத்த மாநிலத்தில்.
ஆகவே ராஜசபை
தக்கலையில், ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் கூடியது,
மதியம் இரண்டு பத்துக்கு,
முட்டைச்சோற்று மயக்கம் தெளியுமுன்.

கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில்
பதினான்கு சீட்டு எழுதியிருந்தேன்.
ராஜா, தளவாய், பொக்கிஷக் கணக்கு,
நல்லமிளகு வாங்க வந்த உலாந்தாக்காரன்,
வரி கட்டாத மாடம்பி இரண்டு பேர்.
சீட்டுக்கு ஓர் ஆசை, ஒரு பயம்,
அடுத்தவருக்குக் காட்டக்கூடாத ரகசியம் ஒன்று.
வாயில்காவலுக்கு வந்தபோது
ரகசியம் ஏதும் தோன்றவில்லை, மணியும் அடித்துவிட்டது.
‘கதவருகே நில்’ என்று மட்டும் எழுதி மடித்தேன்.

அது ஜெபஷிபாவுக்கு விழுந்தது.
மணலிக்கரை பஸ் தாமதிக்கும் நாளெல்லாம்
முதல் பீரியடில் வெளியே நிற்பவள்.
நிறுத்துவது நான்தான்.

ராஜா ஷிஜின்
டஸ்டரைச் செங்கோலாகப் பிடித்துக்கொண்டு
‘மாடம்பிகளைக் கூப்பிடு’ என்றான்.
அவள் வராந்தாவுக்குப் போனாள்.
‘ராஜா உறக்கமாக்கும்’ என்றாள் அங்கே.
திரும்பி வந்து
‘வரமாட்டோம்ணு சொல்லுதாவ’ என்றாள் இங்கே.
இரண்டும் ஒரே முகம். ஒரே குரல்.

பத்து நிமிடத்தில் போர்.
தளவாய் நிஹ்லா அதற்குள் விஷயம் பிடித்துவிட்டாள்,
தன் தண்ணீர்ப் பாட்டிலை வாயிலருகே கொண்டு வைத்தாள்.
உலாந்தாக்காரன் ஒரு கடலைமிட்டாய் கொடுத்து
வரிசையில் முதலாவதானான்.
‘வெளியே என்ன நடக்குது?’
ராஜா கேட்கக் கேட்க
சபை முழுக்க அவள் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னது.
மூன்று வாரம் கரும்பலகையில் எழுதியும்
என்னால் காட்ட முடியாத அது
நிலைப்படியில் சாய்ந்து
மிட்டாய் மென்றுகொண்டிருந்தது.

சீட்டுக் கிடைக்காத இருபத்தி மூன்று பேர்.
‘நீங்கள் மக்கள்’ என்று சொல்லி
வராந்தாவில் உட்கார வைத்திருந்தேன்.
பிரெட்லின் எழுந்து வந்தான்.
‘நாங்களும் வரட்டா?’
யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று
சட்டம் இருந்த நாட்களைப் பற்றி
போன வாரம்தான் நடத்தினேன்.
தேர்வுக்கு வரும், கோடிட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

அவள் திறப்பாள் என்று நினைத்தேன்.
நம்மவள் அல்லவா, தெரிந்தவள் அல்லவா,
வெளியே நிற்கிற கால்வலி.

‘அங்கயே நில்லு’ என்றாள்.
அது என் குரல்.
கடைசி எழுத்தில் லேசாக ஏறுகிற அதே இழுப்பு.

கூச்சல் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார்.
‘ராஜா ஆலோசனையில இருக்காவ சார்’ என்றாள்.
அவர் சிரித்துவிட்டு நின்றார்,
பிறகு சிரிக்காமலும் சற்று நின்றார்.
விளக்கம் சொல்ல நானே வெளியே வந்தேன்.
பேசி முடித்து அவர் படியிறங்கியதும்
மழை பிடித்தது. சாரல் வராந்தாவின் பாதிவரை.
மக்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

உள்ளே போகக் காலெடுத்தேன்.
குறுக்கே மரஸ்கேல்.

‘காரணம்?’

உள்ளே யாரோ யாரையோ சிறைபிடித்தார்கள்,
பெஞ்சு ஒன்று விழுந்தது.
என் சாக்பீஸ் டப்பா, வருகைப்பதிவேடு, குடை
எல்லாம் ராஜாவின் பக்கம்.
ஜெபஷிபா அவசரமே இல்லாமல்
என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

‘பஸ்...’ என்று ஆரம்பித்தேன்.