பதினோராம் நொடி

சமாதானபுரத்தில் பேட்டரிக் கடைக்கு மேலே
என் அறை. ராத்திரி ரெண்டு மணி.
முக்கூடலில் எடுத்துவந்த கத்தரிச் சத்தத்தைத்
திரையில் விரித்துப் பார்க்கிறேன்:
நாற்பது நொடிக்கு
எறும்பு ஊர்ந்த தடம்போல் ஒரு கோடு.
நடுவில் ஒற்றைப் பனை.

தாளத்துக்கு வேண்டியது எறும்புதான்.
பீடி இலையைத் தகட்டளவுக்கு நறுக்கும்
சின்ன, ஈரமான நறுக் நறுக்.
எந்த டிரம் மெஷினிலும் கிடைக்காது என்று
சென்னைக்காரரிடம் ஏற்கெனவே அளந்துவிட்டேன்.

பாட்டுக்குள் விடுமுன் சத்தத்தை ஏற்ற வேண்டும்.
பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால்
ஃபேடர் உச்சியில் முட்டி நிற்கும்,
கம்ப்ரஸர் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருக்கும்.
பட்டுத் தெரிந்துகொண்டது இது.
களக்காட்டு மழை ஒன்றை இப்படித்தான்
வயலினுக்கு அடியில் தொலைத்தேன்.

பொத்தானை அழுத்தினேன்.
ரெண்டே டெசிபல் ஏறி நின்றுகொண்டது.
மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. அதற்கு
இருப்பதிலேயே உயரமானவன் தலைதான் கணக்கு.
அது கூரையைத் தொட்டதும்
எல்லாருக்கும் போதும் என்று முடித்துவிடும்.

பதினோராம் நொடி. பெரிதாக்கிப் பார்த்தேன்.
கத்தரி தகரத் தட்டில் விழுந்திருக்கிறது.

ஞாபகம் இருக்கிறது. முப்பிடாதி அக்கா
ஃபேனை நிறுத்தச் சம்மதித்து
வேர்வையோடு உட்கார்ந்திருந்தாள்.
எதிரில் நான், ஹெட்போனும் காதுமாக,
மீட்டரின் பச்சையையே பார்த்தபடி.
சிவப்பு ஒருதரம் மின்னியது.
"கை வழுக்கிட்டு, நீ எடு" என்றாள்.
எடுத்தேன்.

பனையை வெட்டினேன்.
இப்போது எறும்பு ஏற இடம் இருந்தது.
இருபத்தாறு டெசிபல்.

கத்தரி முதலில் வந்தது,
கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற மாதிரி.
பின்னாலேயே அழையாத மற்றதெல்லாம்:
ஃபிரிட்ஜின் ஐம்பது ஹெர்ட்ஸ் முனகல்,
ஈரச் சாக்கிலிருந்து இலை பிரிவது,
தெருவில் எவனோ யாரையோ ஏல, ஏல என்பது,
என் சட்டை என் மைக்கிலேயே உரசியது
(யாரிடமும் சொல்லவேண்டாம்),
உதட்டுக்குள் அக்கா எண்ணுவது.
பதினாறு. பதினேழு.
அவள் எண்ணிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆண் குரல் ஒன்று,
போனில் பேசுகிற இழுப்போடு:
"பத்திரம் முடிஞ்சிட்டுண்ணே.
அக்காட்ட இன்னும் சொல்லல."

அடுத்து, நான் வெட்டிய இடம்.
அடுத்து ஒரு மூச்சு.
"கை வழுக்கிட்டு, நீ எடு."
அடுத்து
ஒண்ணு. ரெண்டு. மூணு.

எந்த நிலம், எந்த வீடு, யார் பங்கு,
எதுவும் எனக்குத் தெரியாது.
ஃபேனைப் போட்டுவிட்டு
"கலர் குடிக்கியா தம்பி" என்று கேட்டாள்.
குடித்தேன். ஐநூறு கொடுத்தேன்.
நல்லா வந்திருக்குக்கா என்றும் சொன்னேன்.

விடியுமுன் வேலையை முடித்தேன்.
இருபதாம் நொடிக்குப் பிறகு நாலே நறுக்கு எடுத்து,
அடியில் கிடந்த முனகலை வழித்து,
கேட் வைத்து வாசலை அடைத்து,
பல்லவிக்கு முன்னால் உட்காரவைத்தேன்.
சும்மா சொல்லக் கூடாது, உட்கார்ந்தது.

மத்தியானம் சென்னையிலிருந்து போன்:
"அந்த கிளிக் பிரமாதம். எடிட் பண்ணாத
ஃபைலையும் அனுப்பிடுங்க, கைவசம் இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்திருந்தேன்.
பிறகு, வெட்டிய பனையைத்
திரும்ப அதே நொடியில் நட்டேன்.
இனி யார் பொத்தானை அழுத்தினாலும்
ரெண்டு டெசிபலுக்கு மேல் ஏறாது.
வெட்டத் தெரிந்தவன் வெட்டுவான்தான்.
அதுவரைக்கும்
கத்தரி விழுந்த சத்தம் நடுவில் நிற்கட்டும்.

அனுப்பினேன்.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.