ஏறுவதற்கு இருபது தெத்ரி

லமாரா இரண்டு சாவி கொடுத்தாள்.
ஒன்று கதவுக்கு. மற்றது எதற்கென்று
அவளுக்கே நினைவில்லை.
"லிஃப்ட்டுக்குச் சில்லறை வைத்துக்கொள்.
ஏறுவதற்கு இருபது தெத்ரி.
இறங்கக் காசு வேண்டாம்."

திபிலிசியின் வடக்கு ஓரம், கில்தானி.
பதினாறு மாடித் தகரப் பெட்டிக்குள்
பூட்டுப் போட்ட உண்டியல்.
என்னிடம் நோட்டுகள்தான் இருந்தன.
குதாயிசியில் வீட்டைப் பிரித்துக்கொண்டபோது
கரண்டி வரைக்கும் எண்ணினோம்,
சில்லறை யாருக்கு என்று பேசவே இல்லை.

ஆக, நடந்தேன். ஏழு மாடி.
கையில் நீலப் பெட்டி,
அதில் பிளாஸ்டரில் வார்த்தெடுத்த
முன்பின் தெரியாத எண்பது பேரின் கடைவாய்.
பல்செட் செய்வது என் பிழைப்பு.

இரண்டாம் மாடியில் யாரோ
அக்ரூட் பருப்பு இடிக்கிறார்கள், பூண்டோடு.
மூன்றில் பியானோ. தினமும்
அதே இடத்தில் தடுக்கி விழுகிற விரல்.
ஐந்தில் காதில் மஞ்சள் வில்லை குத்திய நாய்.
யாருடையதும் இல்லை,
முறை வைத்துக்கொண்டு எல்லார் மிதியடியிலும் படுக்கிறது.
ஆறில் நான் மூச்சு வாங்க நிற்பேன்.
அங்கேதான் ஜன்னல்.

எதிர்க் கட்டடம் வரை இழுத்த கம்பியில்
கப்பி முனக நகர்கின்றன ஈரச் சட்டைகள்.
கீழே கராஜ்களின் துருக்கூரை.
மூடத் தெரியாத குடிநீர்க் குழாய்.
பழைய லாடாவின் முகப்பில் பலகை விரித்து
நார்தி ஆடும் நான்கு பேர்,
ஐந்தாவது ஆள் வேடிக்கை பார்ப்பதற்கு, அவன்தான்
அதிகம் கத்துகிறான்.
மருந்துக்கடையின் பச்சைச் சிலுவையில்
ஒரு கை மட்டும் எரியாது.

ரொட்டிக்கடை நிலத்துக்கு அடியில்.
உருண்ட அடுப்புக்குள் பாதி உடம்பை விட்டு
மாவை ஒட்டிக்கொண்டிருப்பான் வாஜா,
வெளியே நிற்கும் கால்களிடம்தான் விலை கேட்க வேண்டும்.
நோட்டை நீட்டி, மீதியைச் சில்லறையாகக் கேட்டேன்.
நிமிர்ந்தான். புருவமெல்லாம் மாவு.
"எங்கேயிருந்து வருகிறாய்?
இந்தப் பேட்டையில் சில்லறை கேட்கக்கூடாது.
எல்லாவற்றையும் லிஃப்ட் தின்றுவிடுகிறது."
மீதிக்குப் பதில் அரை ரொட்டி தந்தான்.
ஓரம் கருகியதைக் கேட்டு வாங்கினேன்.

நவம்பரில் பழைய கோட்டின் கிழிந்த பைக்குள்,
துணிக்கும் அஸ்தருக்கும் நடுவே,
அகப்பட்டது ஒரு காசு.
அன்று உருளைக்கிழங்கு வேறு கனத்தது.
போட்டேன். பெட்டி இருமியது, ஏறியது,
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்
விளக்கை அணைத்துக்கொண்டு நின்றது.

தட்டினேன்.
"யார் உள்ளே?"
பெயரைச் சொல்ல வாய் திறப்பதற்குள்
மேலேயிருந்து ஒரு குரல்:
"ஏழாம் மாடி. பல்லுக்காரி."
"நீலப் பெட்டியோடு வந்தவளா?"
"ஆறில் நின்று மூச்சு வாங்குவாளே."
"கருகின ஓரம் பிடிக்குமாம், வாஜா சொன்னான்."
"நாய்க்கு ரொட்டி வைக்கிறவள்."
"பதினோரு மணிக்கு அடிக்கிற போனை எடுக்காதவள்."

சட்டென்று படிக்கட்டு முழுக்க அமைதி.
பிறகு அடங்கின அதட்டல்:
"நசிப்ரோலா! உள்ளே கேட்கும்."

கேட்டது.
இருட்டில் உருளைக்கிழங்குமேல் உட்கார்ந்துகொண்டேன்.
மூன்று மாதம் ஒவ்வொரு படியாக
இவர்களைப் படித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.
சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது,
அதுவும் அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

கடப்பாரையோடு வந்தது நார்தியின் ஐந்தாவது ஆள்.
கதவு ஒரு முழம் திறந்தது.
முதலில் கிழங்குப் பையை வாங்கினார்கள்,
அப்புறம் என்னை.
"காசு திரும்ப வராது" என்றான்,
ஏதோ துக்கம் விசாரிப்பது போல.
மீதி மாடிகளை நடந்தேன்.

அன்றும் பதினோரு மணிக்குப் போன் அடித்தது.
நான் எடுக்கவில்லை.
இரண்டாவது மணியில்,
அந்நேரத்தில் ஒருநாளும் இல்லாமல்,
மூன்றாம் மாடியில் பியானோ ஆரம்பித்தது,
வேண்டுமென்றே சத்தமாக.
அதே இடத்தில் தடுக்கியது.
நிற்காமல் மேலே போனது.