அருகில் இருப்பவர்

படகோனியாவின் நாற்பதாம் எண் சாலையில்
கோபுரம் இல்லை, கம்பம் இல்லை.
காற்று மட்டும் முழுநேர ஊழியர்.
ஆகவே வண்டிகளே வண்டிகளுக்குத் தபால்காரர்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி.
நொடிக்கொரு தரம் அது சொல்லும்:
இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்.
பெரும்பாலும் கேட்க ஆளிருக்காது.

நான் எழுதிய விதி சின்னது.
சேர வேண்டிய திசையில்
யார் ஓரடி முன்னால் இருக்கிறாரோ
அவரிடம் கொடு.
கொடுத்தபின் மற.

ஜூலை பதினொன்று, விடியாத காலை ஆறேகால்.
எவரிஸ்தோவின் டீசல் டாங்கர்
ஒரு வளைவில் வழுக்கி, சமாளித்து, வடக்கே போனது.
பெட்டி குறித்துக்கொண்டது:
வளைவில் பனிக்கட்டி. மெதுவாக.
தெற்கிலிருந்து வருபவர்களுக்கான சேதி.

எதிரே இரண்டு வண்டிகள்.
முன்னால் டச்சுத் தம்பதியின் வீட்டுவண்டி,
இருநூறு மீட்டர் பின்னால் நெலிதாவின் ரொட்டி வேன்.
என் விதிக்கு இருநூறு மீட்டர் போதும்.

வீட்டுவண்டி வளைவை ஊர்ந்து தாண்டி
அடுத்த பெட்ரோல் பங்கில் ஒதுங்கியது.
எஞ்சின் அணைந்தது, பெட்டியும் அணைந்தது.
அவர்கள் போர்த்திக்கொண்டு படுத்தார்கள்,
சேதியும் கூடப் படுத்தது.

நெலிதா வெறுங்கையோடு தெற்கே போனாள்.
எதிரே ஆட்டு லாரியில் ஓவிதியோ.
விளக்கை இருமுறை சிமிட்டினாள், அவனும் சிமிட்டினான்.
அந்தச் சாலையில் வணக்கம் அவ்வளவுதான்.
பெட்டிகளும் சொல்லிக்கொண்டன
இருக்கிறேன், இருக்கிறேன் என்று.
வேறு பேச ஒன்றுமில்லை.

கழுத்தெலும்புக் கட்டோடு ஓவிதியோ
என்னைத் திட்டவில்லை.
"தலைகீழாகத் தொங்கினேன்.
பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.
யாரோ பங்கில் எஞ்சினைப் போட்டிருக்க வேண்டும்,
உங்கள் பெட்டி பச்சையாக மின்னியது.
அதுவும் என்னோடு கவிழ்ந்திருந்ததா,
எழுத்து நேராகவே தெரிந்தது.
மெதுவாக, என்றிருந்தது."
சிரிக்கப் பார்த்தான். எலும்பு விடவில்லை.

த்ரெலெவுக்குத் திரும்பி
'அருகில்' என்ற சொல்லை அடித்தேன்.
எந்தப் பக்கம் போகிறாய், என்ன வேகம்,
வழியில் நிற்பாயா,
யாரையெல்லாம் சந்திப்பாய் என்று
கேட்கக் கற்றுக்கொடுத்தேன்.
விதி நாற்பத்தொரு வரியாகிவிட்டது.
இன்னும் அதற்குத் தூக்கம் புரியாது.

பிறகு அந்தக் காலையையே
திரையில் மீண்டும் ஓட்டினேன்.
எவரிஸ்தோ வழுக்கினான்.
சேதி வீட்டுவண்டியைத் தாண்டி
ரொட்டி வேனில் ஏறியது.
ஆறு நாற்பதுக்கு இரண்டு புள்ளிகள் சந்தித்தன.
ஆட்டு லாரியின் புள்ளி
வேகம் குறைந்து வளைவுக்குள் நுழைந்தது.

பதினேழு முறை ஓட்டினேன்.
பதினேழு முறையும்
அது மறுபக்கம் வெளியே வந்தது.